லொறிக் காப்புறுதி: ஃபுல்லா, தேர்ட் பார்ட்டியா? சொந்த வண்டி ஓடும் ஒருவனின் கணக்கு

2024 நவம்பர் கடைசி வாரம். மட்டக்களப்பு மாவட்டத்தில், கிரானுக்கு அந்தப் பக்கம் ஒரு கடைக்கு 60 மூட்டை சீமெந்து ஏற்றிக்கொண்டு போனேன். புலிபாய்ந்தகல் வீதியில் தண்ணீர் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் போன உழவு இயந்திரம் கரையேறியதைப் பார்த்தேன். தண்ணீர் சில்லின் பாதிக்கு மேல் இல்லை என்று நானே முடிவு செய்து வண்டியை இறக்கினேன். நடுவில் எஞ்சின் இருமி நின்றது. திறப்பை ஒருமுறை திருப்பினேன், அசையவில்லை. இரண்டாம் முறை திருப்பினேன். மூன்றாம் முறை உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

வாழைச்சேனையில் கராஜ் பாஸ் எஞ்சினின் ஹெட்டைக் கழற்றிவிட்டு, வளைந்த கொன்ரொட்டை (பிஸ்டனைப் பிடித்திருக்கும் தண்டை) எடுத்து என் கையில் வைத்தார். "தண்ணி உள்ளுக்க போனா ஸ்டார்ட் அடிக்கப்படாது அண்ணன். தள்ளி வெளியில எடுத்து, தண்ணியை இறக்கி, மறுகாதான் திறப்புல கை வைக்கணும்" என்றார். அது எனக்கும் தெரியும். இடுப்பளவு தண்ணீருக்குள் நிற்கும்போது தெரிந்ததெல்லாம் ஞாபகத்துக்கு வருவதில்லை.

என்னிடம் இருந்தது ‘ஃபுல்’ காப்புறுதி, நம் வண்டியின் சேதத்தையும் பார்ப்பது; ‘தேர்ட் பார்ட்டி’ மற்றவருக்கு வரும் இழப்பை மட்டும் பார்க்கும். லீசிங் வண்டி என்பதால் வேறு வழியும் இல்லை. அழைத்தேன், இரண்டு நாள் கழித்து மதிப்பீட்டாளர் வந்தார், படம் எடுத்தார். பதில் வந்தது: இந்தப் பொலிசியில் வெள்ளப் பாதுகாப்பு சேர்க்கப்படவில்லை, சேர்த்திருந்தாலும், தண்ணீருக்குள் நின்ற எஞ்சினைத் திரும்பத் திரும்ப இயக்கியதால் வந்த சேதம் வேறு கணக்கு. சீமெந்து? அதற்கும் இந்தப் பொலிசிக்கும் சம்பந்தமே இல்லை. கல்லாகிப்போன 60 மூட்டையையும் நான்தான் கட்டினேன். வண்டி கராஜில் கிடந்த நாட்களுக்கும் லீசிங் தவணை போனது.

நிறுவனத்தின் மேல் எனக்குக் கோபம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பொலிசியின் அட்டவணைத் தாளை எடுத்து வாசித்தபோது எல்லாம் அதில் எழுதித்தான் இருந்தது. இரண்டு வருடமாக டாஷ்போர்டுக்குள் மடித்து வைத்திருந்த தாள். ஒருநாளும் விரித்துப் பார்த்ததில்லை. அன்றிலிருந்து யாராவது "ஃபுல் எடுக்கவா, தேர்ட் பார்ட்டி போதுமா" என்று கேட்டால், முதலில் அந்தத் தாளைக் கொண்டுவரச் சொல்கிறேன். ஓட்டை உள்ள ஃபுல்லை விட, இதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்து எடுத்த தேர்ட் பார்ட்டி மேல் என்பது என் அபிப்பிராயம். முதலாவதில் பணமும் போகிறது, எல்லாம் சரி என்ற நினைப்பில் நாமும் கவனம் விட்டுவிடுகிறோம்.

நான் எழுதுவது என்னைப் போன்றவர்களுக்கு: ஒரு வண்டி, அதை ஓட்டுபவரும் அவரே, கூட ஒரு கிளீனர், கிடைக்கும் ஹயரை (வாடகை ஓட்டத்தை) ஓடுகிறவர். பத்து லொறி வைத்திருக்கும் முதலாளியின் கணக்கு வேறு. அவருக்கு ஒன்று நின்றால் ஒன்பது ஓடும்.

தேர்ட் பார்ட்டி எதற்கு, எதுவரைக்கும்

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் வண்டியை வீதியில் இறக்க முடியாது. பிரதேச செயலகத்தில் வண்டிக்கு வருட லைசன் எடுக்கும்போது புகைச் சான்றிதழோடும் லொறிக்கான தகுதிச் சான்றிதழோடும் இந்த அட்டையையும் கேட்பார்கள். அதனால் நம்மில் பலருக்கு இது ‘லைசன் எடுக்கத் தேவையான ஒரு அட்டை’, அவ்வளவுதான். அதே காரணத்தால் எங்கே மலிவோ அங்கே எடுத்துவிடுகிறோம்.

இது பார்த்துக்கொள்வது நம் வண்டியால் மற்றவருக்கு வரும் இழப்பை. ஆள் இறந்தாலோ காயப்பட்டாலோ வரும் நட்டஈடுதான் இதன் உயிர். சொத்துச் சேதத்துக்கு மட்டும் பொலிசியில் எழுதிய உச்ச வரம்பு வரை. அந்த வரம்பு எவ்வளவு என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் தலையைச் சொறிவார்கள். நானும் சொறிந்தவன்தான்.

அது ஏன் முக்கியம் என்று பாருங்கள். நமக்கு வருவது பெரும்பாலும் சொத்து இடிகள். ரிவர்ஸ் எடுக்கும்போது மதில், வளைவில் மின்கம்பம், முன்னால் சட்டென்று பிரேக் போட்ட புதிய ஜீப். இறக்குமதி நின்றிருந்த காலத்தில் வாகன விலை ஏறிய ஏற்றத்துக்கு, ஒரு நல்ல வாகனத்தின் முன்பக்கமே இலட்சக்கணக்கில் வந்துவிடுகிறது. பழைய வரம்பிலேயே பொலிசியைப் புதுப்பித்துக்கொண்டு வந்தால் மிச்சம் நம் பையிலிருந்துதான். வரம்பைக் கூட்டித் தரும்படி கேட்கலாம். அதற்கு ஏறும் கட்டுப்பணம் (பிரீமியம்), வண்டிக்கு ஃபுல் எடுப்பதோடு ஒப்பிட்டால் சிறியது. தேர்ட் பார்ட்டி மட்டும் எடுப்பவர் கட்டாயம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது என்பேன்.

மாட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். இரவில் திருகோணமலை வீதியில் ஓடியவர்களுக்குத் தெரியும், தாரின் சூட்டுக்கு மாடுகள் நடு வீதியில் படுத்திருக்கும். உயிரோடு இருக்கும்வரை அந்த மாட்டுக்கு உரிமையாளர் கிடையாது. அடிபட்டால் பத்து நிமிடத்தில் ஒருவர் வந்துவிடுவார், கறவை மாடு என்றும் சொல்வார். மாட்டை வீதியில் விட்டவரின் பிழை என்று வாதாட இடம் இருக்கிறது. ஆனால் இரவு இரண்டு மணிக்குச் சுற்றி இருபது பேர் நிற்கும்போது வாதம் செய்ய ஆள் வேண்டும். பொலிஸில் முறைப்பாடு பதியாமல் அந்த இடத்திலேயே காசு கொடுத்து முடித்தால், பிறகு காப்புறுதி நிறுவனத்திடம் கேட்க நம்மிடம் ஒன்றுமே இருக்காது.

தேர்ட் பார்ட்டி மட்டும் யாருக்குச் சரி? எங்கள் ஊரில் ஒரு அண்ணன் பழைய எல்ஃப் லொறி ஒன்று வைத்திருக்கிறார். லீசிங் இல்லை. செங்கல், மணல், விறகு என்று, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குள்ளேயே ஓட்டம். இரவு ஓட்டம் கிடையாது. வண்டியின் ஒவ்வொரு ஆணியையும் அவரே கழற்றிப் பூட்டுவார். ஃபுல்லுக்கும் தேர்ட் பார்ட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை வருடாவருடம் வங்கியில் போட்டு வைக்கிறார். அவர் செய்வது முழுக்கச் சரி. எங்களில் மற்றவர்கள் முதல் பாதியை மட்டும் செய்கிறோம். வித்தியாசம் வங்கிக்குப் போவதில்லை, டயருக்குப் போகிறது.

தேர்ட் பார்ட்டியோடு தீயும் திருட்டும் சேர்த்து எடுக்கும் ஒரு நடு வழியும் உண்டு. வயரிங் பழசான வண்டிக்குத் தீ நிஜமான பயம்தான். திருட்டு என்றால் வண்டியே போவது. முற்றத்தில் நின்ற வண்டியில் பற்றரியை மட்டும் கழற்றிக்கொண்டு போனால் பெரும்பாலும் கிடைக்காது. லீசிங் முடிந்த, இன்னும் நல்ல விலை போகும் வண்டிக்கு இதைப் பற்றி யோசிக்கலாம்.

ஃபுல் என்ற சொல்லுக்குள்

முழுக் காப்புறுதியில் நம் வண்டியின் சேதமும் சேர்கிறது. மஹியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவில் ஏறும்போதும், ஹபரண பக்கம் யானை குறுக்கே நிற்கும் இடங்களில் இரவு ஓடும்போதும், இது இருக்கிறது என்ற நினைப்பே ஒரு தெம்பு. தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றவும், கொழும்புக்கு அரிசி இறக்கவும் ஓடுகிறவர்களுக்கு நான் தேர்ட் பார்ட்டியைச் சிபாரிசு செய்யமாட்டேன். சாமத்தில் ஒரு கணம் கண் அயர்ந்தால் வண்டியே போய்விடும். ஆனால் ஃபுல் எடுத்தால் சில இடங்களில் கையை வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, எழுதிய பெறுமதி. கட்டுப்பணத்தைக் குறைக்க வண்டியின் விலையைக் குறைத்து எழுதுவது நம் பக்கத்தில் சாதாரணம். முகவரே சில நேரம் சொல்லித்தருவார். கணக்குக்கு ஒரு உதாரணம்: சந்தையில் 60 இலட்சம் போகும் வண்டியை 40 இலட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். விபத்தில் 9 இலட்சம் சேதம். 40 இலட்சத்துக்குள்தானே இருக்கிறது, முழுதாகத் தருவார்கள் என்று நினைப்போம். தரமாட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் நீங்கள் காப்புறுதி செய்திருக்கிறீர்கள், ஆகவே சேதத்திலும் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 6 இலட்சம். மிச்சம் 3 இலட்சம் உங்களுடையது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு, ஒன்றும் செய்யாமலே பலர் இந்தக் குழிக்குள் விழுந்தார்கள். வண்டியின் விலை ஏறியது, பொலிசியில் பழைய விலையே இருந்தது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்த பிறகு விலைகள் திரும்பவும் ஆடுகின்றன. அதனால் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு வாகன விற்பனை நிலையங்களில் விலை கேட்டுவிட்டுத்தான் தொகையை எழுதுகிறேன். கூட்டி எழுதுவதும் வீண். முழுச் சேதம் என்றாலும் சந்தை விலைக்கு மேல் தரமாட்டார்கள்.

இரண்டாவது, பாவனை. சொந்தப் பொருள் ஏற்றும் வண்டிக்கு ஒரு விலை, ஹயர் ஓடும் வண்டிக்கு வேறு விலை. முதலாவது மலிவு. சகலனின் வயல் நெல்லை ஏற்றுவதாகச் சொல்லி முதலாவதில் எடுத்துவிட்டு, வருடம் முழுக்க ஊரார் பொருளை ஏற்றுகிறவர்களை எனக்குத் தெரியும். விபத்து நடந்ததும் மதிப்பீட்டாளர் கேட்கும் முதல் கேள்வியே "யாருடைய சாமான், எவ்வளவு வாடகை" என்பதுதான். நம் தொழிலே ஹயர். வேறெதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்கக்கூடாது.

இதோடு சேர்ந்ததுதான் பாரம். பெரும்போக அறுவடை நேரம், பெப்ரவரி, மார்ச்சில், ஒரு நடையில் இரண்டு நடையை முடிக்கப் பார்ப்போம். மூட்டை ஏறக்குறைய 65 கிலோ என்று வைத்தால் 80 மூட்டை 5 தொன்னைத் தாண்டும். 14 அடிக் கென்டர் லொறியின் பதிவுப் புத்தகத்தில் அதற்கு இடமில்லை. மேலே மூட்டை தூக்கும் நாட்டாமைமார் ஆறு பேர் வேறு. வயல்காரப் போடியாருக்கு அவசரம், மில்லில் வரிசை, மழை வேறு கறுக்கிறது. அந்த நேரத்தில் ‘பாரம் கூட’ என்று சொல்வது கஷ்டம்தான். ஆனால் அப்படி ஏற்றிப் புரண்ட வண்டிக்கு இழப்பீடு மறுக்கப்படலாம். மேலே இருந்த ஆட்களுக்கு வரும் இழப்பு அதைவிடப் பெரிய பிரச்சினை. சாரதி லைசன் விடயமும் அப்படித்தான். மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டும் லொறிக்கு சி1 வகுப்பு வேண்டும். கிளீனர் பெடியனுக்கு பி வகுப்பு மட்டும் இருக்க, "கொஞ்ச தூரம்தானே" என்று ஸ்டியரிங்கைக் கொடுத்தால் அந்தக் கொஞ்ச தூரத்துக்குக் காப்புறுதி இல்லை. பாதிக்கப்பட்டவருக்கு நீதிமன்றத் தீர்ப்பின்படி நிறுவனம் கட்டிவிட்டு, அந்தப் பணத்தைக் கேட்டு நம்மிடமே வரவும் பொலிசியில் இடமிருக்கிறது.

மூன்றாவது வெள்ளம், புயல். நான் அடிவாங்கிய இடம். சில நிறுவனங்களில் இது ஃபுல்லுக்குள்ளேயே இருக்கும், சிலவற்றில் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். மலைநாட்டில் இருப்பவர் மண்சரிவைப் பற்றி யோசிப்பார், நமக்குத் தண்ணீர். 1978 சூறாவளி, 2004 கடல்கோள், 2011 ஜனவரி வெள்ளம் என்று எங்கள் வீடுகளில் வருடத்தையே இவற்றை வைத்துத்தான் எண்ணுகிறோம். நான் கிரானில் மாட்டிய அதே வாரத்தில்தான் காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் மத்ரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. என் இழப்பு எஞ்சினோடு நின்றது. அதை நினைத்தால் என் கணக்கையெல்லாம் பெரிதாகப் பேசக் கூச்சமாக இருக்கிறது. 2025 நவம்பரில் டிட்வா புயல் வந்தபோது வெள்ளப் பாதுகாப்பு கையில் இருந்தும் வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தேன். "அதுக்குக் கட்டின காசு வீண்தானே" என்று மனிசி கேட்டாள். வீணாகவே போகட்டும் என்றேன்.

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ வண்டி வைத்திருப்பவர் வடகீழ் பருவமழைக்கு முன்பாகவே, ஒக்டோபருக்குள், இந்த வரி தன் அட்டவணையில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். புயல் எச்சரிக்கை வந்த பிறகு ஓடிப்போய்ச் சேர்க்க முடியாது.

நான்காவது, வேலைநிறுத்தம், கலகம், குழப்பம். அதோடு தனியாகப் பயங்கரவாதம். இரண்டும் அட்டவணையில் வெவ்வேறு வரிகளாக இருக்கும். இதன் பணம் அரசின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்துக்குப் போகிறது. ஹர்த்தால் நாளில் வரும் ஒரு கல்லுக்கும் இதுதான் பதில். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் நடந்த வன்முறையில் வாகனங்களும் சேதமாயின. கட்டுப்பணத்தில் இது சிறு தொகைதான். கிழக்கில் ஓடும் வண்டிக்கு இதை வெட்டி மிச்சம் பிடிக்கும் முகவரோடு எனக்கு ஒத்துப்போகாது.

பழைய வண்டிக்காரர் இன்னொன்றையும் கேட்க வேண்டும். புது உதிரிப்பாகம் போட்டால், வண்டியின் வயதுக்கு ஏற்ப ஒரு பங்கை உரிமையாளர் தலையில் வைப்பார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு கிளெய்முக்கும் நாம் ஏற்க வேண்டிய ஒரு தொடக்கத் தொகை. இரண்டையும் கழித்துவிட்டுப் பார்த்தால், இருபது வயதுக் கென்டரின் பம்பர், லைட், கதவு இடிகளில் ஃபுல்லால் கையில் வருவது மிகக் கொஞ்சம். அதன் உண்மையான பயன் வண்டி புரண்டாலோ எரிந்தாலோதான்.

அதனால் சின்ன இடிகளுக்கு நான் கிளெய்ம் போடுவதில்லை. கிளெய்ம் இல்லாத வருடங்களுக்குக் கட்டுப்பணத்தில் கழிவு (தள்ளுபடி) ஏறிக்கொண்டே போகும். ஒரு கதவைத் தட்டிப் பெயின்ட் அடிக்க 35,000 ரூபாய், அதைக் கேட்டு வாங்கினால் அடுத்த வருடக் கழிவில் 40,000 போகும் என்றால், ஏறாவூர்ப் பட்டறையில் நானே கொடுத்து முடித்துவிடுவேன். நிறுவனம் மாறினாலும் அந்தக் கழிவுக்கான கடிதத்தை வாங்கிக்கொண்டு போகலாம். பலர் அதை வாங்காமல் முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

வண்டியில் இருக்கும் இரண்டு பேர்

இவ்வளவு நேரமும் தகரத்தைப் பற்றித்தான் பேசினேன். ஸ்டியரிங்கில் இருப்பவருக்கு என்ன கிடைக்கும்? தேர்ட் பார்ட்டியில் ஒன்றுமில்லை. நாம் மூன்றாம் தரப்பு அல்ல, முதல் தரப்பு. ஃபுல்லிலும், தனிநபர் விபத்துப் பாதுகாப்பு என்ற வரி சேர்க்கப்பட்டிருந்தால் மட்டும், அதில் எழுதிய தொகை. அந்தத் தொகை பல பொலிசிகளில் பேருக்குத்தான் இருக்கும். என் கால் முறிந்து நான்கு மாதம் படுத்தால் வண்டி நன்றாக இருந்தும் வருமானம் பூச்சியம். நம்மைப் போன்ற சொந்த வண்டிக்காரருக்கு லொறியை விடப் பெரிய முதலீடு ஓட்டுபவரின் உடம்பு. அதனால் வாகனப் பொலிசியில் இந்த வரியைக் கூட்டிக் கேட்டேன்; தராவிட்டால் தனியாக ஒரு விபத்துப் பொலிசி எடுப்பது என்று வைத்திருந்தேன். கூட்டித் தந்தார்கள்.

கிளீனர் விடயத்தில் சட்டமே இருக்கிறது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி, வேலையில் அடிபட்ட ஆளுக்கு நட்டஈடு கொடுக்க வேண்டியவர் வேலை கொடுத்தவர். ‘நாள் சம்பளம்தானே, சொந்தக்காரப் பெடியன்தானே’ என்பதால் பொறுப்பு போகாது. படங்கு கட்ட மேலே ஏறியவன் கயிறு அறுந்து கீழே விழுவது, டயர் மாற்றும்போது ஜாக் சறுக்குவது: இவை வீதி விபத்துக்கூட இல்லை. கிளீனருக்கான வேலையாள் நட்டஈட்டு வரியைத் தேர்ட் பார்ட்டியோடுகூடச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். என்னுடைய பெடியன் களுவாஞ்சிக்குடிப் பக்கம், தாய்க்கு ஒரே பிள்ளை. அவனுக்கு ஏதாவது நடந்தால் அந்த வீட்டு வாசலில் நான் எந்த முகத்தோடு போய் நிற்பேன் என்பதுதான் இந்த வரியை எடுக்க வைத்தது. சட்டம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

ஏற்றிய பொருள்

ஃபுல்லோ தேர்ட் பார்ட்டியோ, லொறித் தட்டில் இருக்கும் பொருளை அது தொடாது. அதற்குத் தனியாகப் பயணச் சரக்குக் காப்புறுதி வேண்டும். ஒரு நடைக்கு எடுக்கலாம், வருடத்துக்கும் எடுக்கலாம். வருடத்துக்கு எடுத்தால் ஒரு நடைக்கு இவ்வளவு என்று உச்ச வரம்பு இருக்கும்.

இங்கே யாருடைய பொருள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். பெரிய அரிசி ஆலைகளும் சீமெந்து முகவர்களும் சில நேரம் தாங்களே எடுத்து வைத்திருப்பார்கள். ‘அவர்கள் எடுத்திருக்கிறார்கள், எனக்கென்ன’ என்று விடவும் முடியாது. அவர்களுக்குக் கொடுத்த பணத்தை, பிழை சாரதியுடையது என்றால், அவர்களின் காப்புறுதி நிறுவனம் நம்மிடம் கேட்டு வரலாம். ஒருமுறை சம்மாந்துறையில் ஒரு மில்காரக் காக்காவிடம் (முஸ்லிம் அண்ணனிடம்) நேரடியாகவே கேட்டேன்: "சாமான் நனைஞ்சா யார் காக்கா பொறுப்பு?" அவர் சிரித்துக்கொண்டு, "நனைய விடாதீங்க தம்பி" என்றார். ஏற்றுவதற்கு முன்னரே பொறுப்பு யாருடையது என்று ஒரு துண்டிலாவது எழுதி வாங்குவது நல்லது. எழுதித் தராத இடங்களே அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மணல், செங்கல் ஓடுகிறவருக்கு இது தேவையில்லை, கொட்டினால் அள்ளிக்கொள்ளலாம். சீமெந்து, உரம், சீனி, கடைச் சாமான் ஏற்றுபவருக்கு வேண்டும். வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து ஐஸ் போட்டு மீன் ஏற்றுபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வண்டி பழுதாகித் தாமதித்ததால் மீன் பழுதானால், சாதாரணச் சரக்குப் பொலிசி பெரும்பாலும் அதை ஏற்காது. வண்டி புரண்டு போன மீன் வேறு, நின்ற இடத்தில் நாறிய மீன் வேறு. அந்தப் பணத்தைப் பொலிசிக்குக் கட்டுவதைவிட, வோட்டர் பம்பையும் பெல்டையும் நேரத்துக்கு மாற்றுவதில் போடலாம்.

எங்கே, யாரிடம்

மட்டக்களப்பு நகரிலும் கல்முனையிலும் அநேகமாக எல்லா நிறுவனங்களுக்கும் கிளை இருக்கிறது. விலையை மட்டும் கேட்டு ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் ஒருவர் சொல்லும் விலையில் வெள்ளம் இருக்கும், மற்றவருடையதில் இருக்காது. ஒருவர் 18 வீத வற் வரியோடு சொல்வார், இன்னொருவர் வற் இல்லாமல் சொல்வார். மூன்று இடத்துக்கும் ஒரே பட்டியலைக் கொடுத்து எழுத்தில் விலை கேட்டேன்: பெறுமதி இவ்வளவு, ஹயர், வெள்ளம் புயல், கலகம் பயங்கரவாதம், சொத்துச் சேத வரம்பு இவ்வளவு, கிளீனர் ஒருவர், எனக்குத் தனிநபர் விபத்து இவ்வளவு. வந்த மூன்று விலையும் நான் நினைத்ததைவிட நெருக்கமாக இருந்தன. அதுவரை மலிவு என்று நான் நினைத்திருந்த இடம், பட்டியலில் பாதியைத் தராமல் மலிவாக இருந்திருக்கிறது.

முகவர் என்பவர் காப்புறுதி நிறுவனத்தின் ஆள், தரகர் என்பவர் நம் பக்கம் நின்று பல நிறுவனங்களில் விலை கேட்பவர். ஒரு வண்டிக்காரனுக்கு நல்ல முகவர் போதும், ஒரு நிபந்தனை: இரவு விபத்து நடந்தால் போனை எடுப்பவராக இருக்க வேண்டும். காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் நண்பர்கள் பலர் தகாபுல் என்ற இஸ்லாமிய முறையில் எடுக்கிறார்கள். வட்டி கலக்காமல், பங்காளர்கள் போடும் பொது நிதியிலிருந்து ஒருவர் இழப்புக்குக் கொடுக்கும் ஏற்பாடு அது. நிதியில் மிகுதி வந்தால் பங்காளருக்குத் திரும்பவும் வழி வைத்திருப்பார்கள். இந்து, கிறிஸ்தவர் என்றாலும் எடுக்கலாம். ஆனால் பெறுமதி, பாவனை, வெள்ளம் என்று நான் மேலே சொன்ன கேள்விகள் அங்கேயும் அப்படியே.

லீசிங்காரருக்குத் தெரிவு குறைவு. ஃபுல் கட்டாயம், சில இடங்களில் தவணையோடு சேர்த்தே பிடிப்பார்கள். ஆனாலும் அட்டவணையை வாங்கிப் பார்க்கவும், இல்லாத வரியைச் சேர்க்கச் சொல்லவும் நமக்கு உரிமை இருக்கிறது. முழுச் சேதம் என்றால் பணம் முதலில் லீசிங் நிறுவனத்துக்குத்தான் போகும், மிச்சம்தான் நமக்கு.

கிளெய்ம் மறுத்தால் எழுத்தில் காரணம் கேட்க வேண்டும். முதலில் நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவு. அங்கே சரிவராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி, இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு என்று போகலாம். என் வெள்ளக் கதையில் நான் போகவில்லை. தாளில் இல்லாததை எங்கே போய்க் கேட்பது?

இந்த வருடம் நான் எடுத்திருப்பது: ஃபுல், சந்தை விலைக்கு; ஹயர் என்று எழுதி; வெள்ளமும் கலகமும் சேர்த்து; சொத்து வரம்பு கூட்டி; பெடியனுக்கும் எனக்கும் தனி வரிகள். சரக்குக்கு வருடப் பொலிசி எடுக்கவில்லை, சீமெந்தும் உரமும் ஏற்றும் நடைகளுக்கு மட்டும் எடுக்கிறேன். கட்டுப்பணம் முன்பை விட ஏறத்தான் செய்தது. அதைச் சமாளிக்க, தொடக்கத் தொகையை நான் கூடுதலாக ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிக் கொஞ்சம் இறக்கினேன். எப்படியும் சின்ன இடிகளுக்குக் கேட்கப் போவதில்லைதானே.

லீசிங் 2027இல் முடிகிறது. அதற்குப் பிறகு தூர ஓட்டத்தைக் குறைத்து, எங்கள் பக்கத்து மில்களுக்கு மட்டும் ஓடுவதாக இருந்தால், தேர்ட் பார்ட்டியோடு தீ, திருட்டுக்கு இறங்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. பெடியனுடைய வரியும் என்னுடைய வரியும் அப்போதும் இருக்கும். வித்தியாசத்தை வங்கியில் போடுவேனா என்று மனிசி இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டாள். பின் டயர் இரண்டும் அதற்குள் தேய்ந்திருக்கும் என்பது அவளுக்கும் தெரியும்.